புயல் ஒரு ராத்திரி, கரண்ட் இல்லாத நாள் பதினைந்து: டெல்டா கிராம வீட்டைத் தயார் செய்வது எப்படி

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. காற்றின் ஆட்டம் சில மணி நேரம்தான். ஆனால் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததால் பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி நிறையாது, தெருக் குழாயில் தண்ணீர் வராது. செல்போன் டவரும் பேட்டரி தீர்ந்ததும் நின்றுவிடும். புயலுக்குத் தயாராவதில் அந்த ராத்திரியைத் தாண்டுவது பாதி வேலைதான், அடுத்த இரண்டு வாரத்தை ஓட்டுவது மீதி. பெரும்பாலான வீடுகள் மெழுகுவர்த்தியும் பிஸ்கட்டும் வாங்கி முதல் பாதிக்கு மட்டும் ஆயத்தமாகின்றன.

இங்கே சொல்வது நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சாவூர், கடலூர் மாவட்டங்களிலும் புதுக்கோட்டைக் கடலோரத்திலும் உள்ள கிராம வீடுகளுக்கு. வேலைகளில் பாதியை அக்டோபருக்குள் முடித்துவிட வேண்டும். புயல் சின்னம் உருவான பிறகு நல்ல கயிறும் தார்ப்பாயும் கடையில் கிடைக்காது, கூரையில் ஏற ஆளும் கிடைக்காது.

உங்கள் வீட்டை அடிக்கப்போவது எது?

எல்லா வீட்டுக்கும் ஒரே ஆபத்து இல்லை. 2008 நவம்பரில் வந்த நிஷா காற்றால் அல்ல, மழையால் டெல்டாவை அடித்தது. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே, கடலூர்ப் பக்கம் பலாவையும் முந்திரியையும் காற்றால் சாய்த்தது. அதனால் முதலில் உங்கள் வீட்டைப் பற்றி நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, கூரை எது: கீற்றா, ஓடா, ஷீட்டா, கான்கிரீட்டா. இரண்டாவது, தண்ணீர் இதற்கு முன் எவ்வளவு உயரம் ஏறியது. ஊரில் வயதானவர்களைக் கேட்டு, அந்த உயரத்தைச் சுவரில் பெயின்டால் கோடு போட்டு வையுங்கள். சுவிட்ச் பெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர், அரிசி மூட்டை, பீரோவின் அடித்தட்டு எல்லாம் அந்தக் கோட்டுக்கு ஒரு அடியாவது மேலே இருக்க வேண்டும். மூன்றாவது, கொள்ளிடம் போன்ற ஆற்றின் படுகையில் இருக்கிறீர்களா. நான்காவது, கடலிலிருந்து எவ்வளவு தூரம், நடுவில் மேடு உண்டா.

ஆற்றுப் படுகைக்காரர்கள் உள்ளூர் மழையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டால் கர்நாடகத்தில் பெய்யும் மழை அப்படியே கொள்ளிடத்துக்கு வரும், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் ஒரு பகுதி உடைந்தது அப்படிப்பட்ட வெள்ளத்தில்தான். பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீர் கல்லணை சேர மூன்று நாள் அளவில் ஆகும், பெருவெள்ளம் அதைவிட வேகமாக வரும். மேட்டூர் உபரி நீர் திறப்பு லட்சம் கன அடியைத் தொடுகிறது என்று செய்தி வந்த அன்றே படுகையில் கட்டிய மாட்டையும் மோட்டாரையும் கரையேற்றுங்கள்.

கடலோரத்தில் கணக்கு வேறு. புயல் கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடலை நிலத்தை நோக்கித் தள்ளும், கடல்நீர் ஊருக்குள் ஏறுவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். "நாம் தெற்கே இருக்கிறோம், பரவாயில்லை" என்று கணக்குப் போடாதீர்கள். பாதை கடைசி நேரத்தில் இருபது முப்பது கிலோமீட்டர் நகர்ந்தாலே தெற்கு வடக்காகிவிடும். கடல் ஏறும் என்று அறிவித்த ஊரில் கான்கிரீட் வீடும் தங்க ஏற்றதல்ல, காலி செய்ய வேண்டியதுதான்.

வானிலை அறிவிப்பை எப்படி வாசிப்பது

மழைக்கான சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் சுமார் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை கனமழை, 20.4 செ.மீ. வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. 1,000 சதுர அடி கூரையில் 20 செ.மீ. மழை விழுந்தால் 18,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் உங்கள் வாசலில் இறங்கும். அது எந்த வழியாகப் போகும் என்று அக்டோபரிலேயே பார்த்து, வீட்டைச் சுற்றிய வடிகாலை வெட்டி, தெருக் குழாய்ப்பாலத்தில் அடைத்த குப்பையை எடுத்துவிடுங்கள். வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் மண்டிக்கிடந்தால் ஊராட்சியிடம் மனுவாகக் கொடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் ஏறாது.

காற்றில், மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், 89 தொட்டால் தீவிர புயல், 118 தொட்டால் அதிதீவிர புயல். கீற்றும் பழைய ஓடும் முதல் கட்டத்திலேயே போக ஆரம்பிக்கும். "நாளை இரவு கரையைக் கடக்கும்" என்றால் புயலின் மையம் அப்போது கடக்கும் என்று பொருள். வெளிவட்டக் காற்று பல மணி நேரம் முன்பே வந்துவிடும். ஆகவே வெளிவேலைக்கான கெடு நாளை இரவு அல்ல, நாளை காலை.

மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. இவற்றைப் போனில் மட்டும் வைக்காமல் சுவரில் எழுதிவையுங்கள். போன் செத்த பிறகு பக்கத்து வீட்டுப் போனை வாங்கி அடிக்கத்தானே எண் தேவை. பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று வாங்கும்போது மீடியம் வேவ் உள்ளதாகப் பாருங்கள், தொலைவு நிலையமும் அதில் எடுக்கும்.

கூரை

காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதில்லை, தூக்கி எடுக்கிறது. முதலில் கிளம்புவது மூலை, பிறகு விளிம்பு, பிறகு முகடு. நடுப்பகுதி கடைசியில்தான் போகும். எங்கே கட்ட வேண்டும், எங்கே ஆணி அடிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த வரிசையில் அடங்கியிருக்கிறது.

கீற்றுக் கூரைக்கு நல்ல கவசம் பழைய மீன்வலை. கூரை முழுவதும் வலையை விரித்து, அதன் மேல் 10 அல்லது 12 மி.மீ. நைலான் கயிற்றை நான்கு ஐந்து அடிக்கு ஒன்றாக முகட்டைத் தாண்டி இருபுறமும் இறக்குங்கள். கயிற்றைக் கட்ட சவுக்கு முளை மூன்று அடி நீளத்தில் வேண்டும், அதில் இரண்டு அடி மண்ணுக்குள் போக வேண்டும், தலை வீட்டுக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்த முளை ஈர மண்ணில் சுலபமாகப் பிடுங்கிக்கொள்ளும். வீட்டுத் தூணில் கயிற்றைக் கட்டுவதில் பயனில்லை, தூணோடு சேர்ந்து போகும். கூரை விளிம்பில் கயிறு படும் இடத்தில் பழைய டயர்த் துண்டு வைத்தால் கயிறு அறுபடாது.

மணல் மூட்டை வைக்கும் பழக்கம் எங்கும் உண்டு. தனி மூட்டையாக வைத்தால் வழுக்கி ஆள்மேல் விழும். இரண்டு மூட்டையை ஒரே கயிற்றின் இரு முனையில் கட்டி, முகட்டின் இருபுறமும் தொங்கவிடுங்கள். ஷீட் மேல் செங்கல், கருங்கல், பழைய டயர் என்று சும்மா வைப்பதை அறவே விடுங்கள். ஷீட் கிளம்பினால் அவை தெருவில் பறக்கும்.

எவ்வளவு கயிறு கட்டினாலும் கீற்றுக் கொட்டகையில் புயல் ராத்திரி ஆள் தங்கக் கூடாது. கயிறு பொருளைக் காப்பாற்றத்தான்.

ஷீட் கூரையில் அடிக்கடி நடப்பது இது: ஷீட் சட்டத்தோடு இறுக்கமாக இருக்கும், ஆனால் சட்டம் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். காற்று வந்தால் ஷீட்டும் சட்டமும் சேர்ந்து ஒரே துண்டாகப் போய்விடும். சரிபார்க்க ஒரு வழி: உள்ளே நின்று, ஒவ்வொரு சட்டமும் சுவரில் முடியும் இடத்தைப் பாருங்கள். இரும்புப் பட்டையோ வளைத்த கம்பியோ சட்டத்தைச் சுற்றிச் சுவருக்குள் இறங்குகிறதா? இல்லையென்றால் கொத்தனாரைக் கூப்பிட்டு, சுவரில் ஒன்றரை அடி ஆழம் வரை பட்டை இறக்கிக் கான்கிரீட் போட்டு, மேல்முனையைச் சட்டத்தோடு போல்ட் போடச் சொல்லுங்கள். கான்கிரீட் இறுக இரண்டு மூன்று வாரம் வேண்டும் என்பதால் இது செப்டம்பர் வேலை.

அடுத்தது ஜே போல்ட், ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் வளைந்த போல்ட். நடுவில் ஷீட்டின் மூன்று நான்கு நெளி வரிக்கு ஒன்று இருந்தால் போதும். விளிம்பிலும் முகட்டிலும் இரண்டு வரிக்கு ஒன்று வேண்டும். வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள், தளர்ந்த போல்ட் காற்றில் ஆடி ஆடி ஷீட்டின் துளையைப் பெரிதாக்கிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் அங்கேயே விரிசல் விடும். கூரை சுவரைத் தாண்டி ஒன்றரை அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் காற்று அடியில் புகுந்து தூக்க வசதி. திண்ணைக்குப் போட்ட தாழ்வாரத்தை முதன்மைக் கூரையின் தொடர்ச்சியாக விடாமல் தனியாகக் கட்டியிருந்தால், அது போனாலும் வீட்டுக் கூரை நிற்கும்.

ஓட்டு வீட்டில் முகட்டு ஓடு, ஓர வரிசை இரண்டையும் சிமென்ட் கலவையால் பட்டைபோல் பூசிவிடுங்கள். முழுக்கூரையையும் பூச வேண்டாம், பாரம் ஏறும், பிறகு ஒரு ஓடு மாற்றவும் முடியாது.

கதவை மறந்துவிடுகிறார்கள். காற்று வரும் பக்கத்துக் கதவு உடைந்தால் உள்ளே நிரம்பும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளிக்காற்று மேலிருந்து இழுக்கும். பல வீடுகளில் கூரை போவதற்குச் சற்று முன்னால் ஒரு கதவு போயிருக்கும். இரட்டைக் கதவுக்குக் குறுக்கே போட இரண்டரைக்கு ஒன்றரை அங்குலச் சட்டம் ஒன்றும் அதைத் தாங்கச் சுவரில் இரண்டு கொண்டியும் இருந்தால் போதும். தாழ்ப்பாள் மட்டும் பத்தாது.

தண்ணீர்: டேங்க் கணக்கு

குடிக்க, சமைக்க, கை கால் கழுவ, கழிப்பறைக்கு என்று சிக்கனமாக ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். ஐந்து பேருக்கு 75 லிட்டர். 500 லிட்டர் டேங்க் ஏறக்குறைய ஆறரை நாள் வரும். இதில் குடிக்க மட்டும் ஆளுக்கு மூன்று லிட்டர், அதை மூடி போட்ட குடத்திலும் கேனிலும் தனியாகப் பிடித்து வீட்டுக்குள் வையுங்கள்.

மாடியில் உள்ள டேங்கை நிரப்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. வெறும் பிளாஸ்டிக் டேங்க் காற்றில் பந்துபோல் உருண்டு கீழே விழும், குழாயையும் பிடுங்கிக்கொண்டு போகும். நிரம்பிய 500 லிட்டர் டேங்க் அரை டன் எடை. நிரப்பிவிட்டு, மூடியைக் கம்பியால் கட்டி, கீழே இறங்கும் வால்வை மூடிவையுங்கள். குழாய் எங்காவது உடைந்தால் இருக்கும் தண்ணீர் முழுவதும் ராத்திரியோடு ராத்திரியாக ஒழுகிவிடக் கூடாதல்லவா.

போர்வெல் வாயில் வெள்ளம் புகும் இடமென்றால், கேசிங் குழாயின் வாயைத் தடித்த பாலிதீனால் மூடி, சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியைப் பெயின்ட் கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள். தெருவில் பழைய அடிபம்பு இருந்தால் வாஷரை மாற்றி ஓடவிட்டு வையுங்கள். கரண்ட் இல்லாத இரண்டு வாரத்தில் அதுதான் தெருவுக்கே தண்ணீர் கொடுக்கும். ஊராட்சியில் இதற்குப் பணம் இருக்கும், கேட்பவர்தான் இருக்க மாட்டார்கள்.

ஊர்த் தொட்டிக்கு வாடகை ஜெனரேட்டர் கொண்டுவருவதானால் இரண்டு விஷயம். 5 எச்பி மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டுக்கு 10 முதல் 15 கேவிஏ ஜெனரேட்டராவது வேண்டும். மூன்று ஃபேஸ் மோட்டார் ஓடியும் தண்ணீர் நூல்போல் வந்தால் மோட்டார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், அது எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஏதாவது இரண்டு ஃபேஸ் ஒயரை மாற்றிப் போட்டால் தண்ணீர் பாயும்.

உணவு, வெளிச்சம், காகிதம்

சமைக்காமல் சாப்பிடக்கூடியது மூன்று நாளுக்கு: அவல், பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு, பேரீச்சை. அரிசியும் பருப்பும் இரண்டு வாரத்துக்கு. உப்பு, சர்க்கரை, பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம். காய்ந்த விறகு கொஞ்சம் பாலிதீனில் சுற்றிப் பரண்மேல் இருக்கட்டும், சிலிண்டர் எப்போது தீரும் என்று சொல்ல முடியாது. டார்ச்சும் அதற்குப் பொருந்தும் பேட்டரியும், முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், சாதாரண பட்டன் போன் ஒன்று. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு மாத்திரைகள் மூன்று வாரத்துக்கு வேண்டும். இன்சுலின் போடுபவர் இருந்தால், குளிர்சாதனப் பெட்டி ஓடாத நாட்களுக்கு மண்பானைக்குள் ஈரத் துணி சுற்றி எப்படி வைப்பது என்று மருந்தாளுநரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் பத்து, இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாளாக இருக்க வேண்டும். ஏ.டி.எம். ஓடாத ஊரில் ஐந்நூறு ரூபாய்க்கு யாரிடமும் சில்லறை இருக்காது.

ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, சிட்டா, வங்கிப் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்: இவற்றை இரண்டு பாலிதீன் உறைக்குள் போட்டு, வாயை மடித்து ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். அப்படியே போனில் படமும் எடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். இன்னொரு படம் யாரும் எடுப்பதில்லை: நல்ல நிலையில் உள்ள வீடு, மாட்டுக் கொட்டகை, மாடுகள், தோப்பு. நிவாரணம் கேட்கும்போது "முன்னால் எப்படி இருந்தது" என்பதற்கு அதுதான் சாட்சி.

கடைசி இரண்டு நாள்

48 மணி நேரம் இருக்கும்போது: நிறைமாதக் கர்ப்பிணி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக மாற்றிவிடுங்கள். மரம் விழுந்த ரோட்டில் 108 வராது. படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கும் இதேதான். புயல் பாதுகாப்பு மையம் எது, சாவி யாரிடம், அங்கே கழிப்பறை திறந்திருக்கிறதா என்று ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

தென்னையில் முற்றிய காயையும் கீழ்வரிசைக் கனத்த மட்டைகளையும் இறக்குங்கள். தலைப்பாரம் குறைந்தால் மரம் தாங்க வாய்ப்பு உண்டு. தோப்புக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள், ஊறிய மண் வேரைப் பிடிக்காது. வீட்டின் மேல் சாய்ந்த முருங்கை, கல்யாண முருங்கை, பப்பாளியை யோசிக்காமல் வெட்டுங்கள். மூன்றும் முதல் காற்றிலேயே முறியும்.

24 மணி நேரம் இருக்கும்போது: மாட்டைக் கொட்டகையில் கட்டிப்போடாதீர்கள். மேடான இடத்துக்கு ஓட்டிப்போய் அவிழ்த்துவிடுங்கள். கழுத்துக் கயிறோடு தண்ணீரில் மூழ்கியும் சரிந்த கொட்டகைக்கு அடியில் சிக்கியும் சாகும் மாடுகளே அதிகம். காது வில்லை எண்ணை நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு கறவைக்கு நாளுக்கு ஆறேழு கிலோ வைக்கோல் என்று கணக்கிட்டு, ஒரு வாரத்துக்கானதைத் தார்ப்பாயால் மூடிப் பரணில் ஏற்றுங்கள். நனைந்த போரில் பூஞ்சை பிடித்த வைக்கோலைக் கொடுத்தால் மாடு கழியும்.

வாசலில் கிடக்கும் தகரம், ஏணி, பிளாஸ்டிக் நாற்காலி, தொட்டிச் செடி எல்லாம் உள்ளே. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள், தண்ணீர் ஏறினால் மிதக்கும்.

அந்த ராத்திரி

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நடுவில் உள்ள சிறிய அறையில், ஜன்னலுக்கு எட்டத்தில் இருங்கள். காற்று வரும் திசையைக் கவனித்துக்கொண்டே இருந்தால் ரேடியோ இல்லாமலே புயல் எங்கே இருக்கிறது என்று தெரியும். நம் கரையை மேற்கு நோக்கிக் கடக்கும் புயலில், காற்று வடகிழக்கிலிருந்து கிழக்குக்கும் பிறகு தென்கிழக்குக்கும் திரும்பினால் மையம் உங்களுக்குத் தெற்கே போகிறது. வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று திரும்பினால் வடக்கே போகிறது. வடக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று திடீரென்று நின்று, வானம்கூட வெளுத்தால், புயலின் கண் தலைக்கு மேல் இருக்கிறது. வெளியே போகாதீர்கள். சில நிமிடத்திலோ ஒரு மணி நேரத்திலோ தெற்கிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். வடக்குக் காற்றுக்கு நின்ற மரமும் சுவரும் எதிர்க்காற்றுக்கு விழும். மாட்டைப் பார்க்கப் போனவர், பக்கத்து வீட்டை எட்டிப்பார்க்கப் போனவர் இந்த இடைவெளியில்தான் அடிபடுகிறார்கள்.

விடிந்த பிறகு

முதல் ஆபத்து கம்பி. அறுந்து கிடக்கும் மின்கம்பியில் கரண்ட் இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மின்வாரியம் அணைத்திருந்தாலும் யாரோ ஒருவர் ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் சொருகியிருந்தால் அந்தக் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாக ஏறி உயர் அழுத்தக் கம்பிக்குப் போகும், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிரை வாங்கும். ஜெனரேட்டரை சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (வெளிக் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் சேராமல் பிரிக்கும் சுவிட்ச்) வழியாக மட்டும் இணையுங்கள், அது இல்லையென்றால் ஒயர் நீட்டி நேரடியாகக் கருவிக்குக் கொடுங்கள். வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஓட்டாதீர்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரை, மிக்சியை, பைக்கை உடனே போட்டுப் பார்க்கும் ஆசைதான் அவற்றைக் கொல்கிறது. மோட்டாரைப் பிரித்துக் காயவைத்து, மெக்கானிக் மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்த பிறகே இணைப்பு. பைக் என்ஜினில் தண்ணீர் இருக்கும்போது உதைத்தால் கனெக்டிங் ராடு வளையும்.

விறகுக் குவியல், சரிந்த கீற்று, செங்கல் அடுக்கு எதையும் கையால் தூக்காதீர்கள், முதலில் நீளக் கம்பால் கிளறுங்கள். வெள்ளத்தில் வளை இழந்த பாம்புகள் அங்கேதான் ஒதுங்கும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தேங்கிய தண்ணீரில் நடந்து சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கிணற்றில் வெள்ளம் புகுந்திருந்தால் முதலில் கலங்கல் நீரை இறைத்து வெளியேற்றி, ஊறிவரும் நீருக்கு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். தண்ணீர் அளவுக்கு எளிய கணக்கு: விட்டம் × விட்டம் × தண்ணீர் ஆழம், மூன்றும் அடியில், பெருக்கி வருவதை 22 ஆல் பெருக்கினால் லிட்டர். ஆறு அடி விட்டக் கிணற்றில் பத்து அடி தண்ணீர் என்றால் 7,920 லிட்டர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும், இந்தக் கிணற்றுக்கு 20 கிராம். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இரண்டு மடங்கில், 40 கிராமில் தொடங்குங்கள்.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டுவதுதான் எங்கும் நடக்கும் தவறு. சுண்ணாம்பு அடியில் படியும், குளோரின் மேலேயே போய்விடும். வாளியில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழம்பாக்கி, பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றுங்கள். அந்த வாளியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்கு அடியில் இறக்கி, மேலும் கீழும் பல முறை இழுத்துக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து மொண்டு முகர்ந்தால் லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வரவில்லையென்றால் அழுக்கு அதைத் தின்றுவிட்டது, இன்னொரு முறை போடுங்கள். சுகாதார ஆய்வாளரிடம் குளோரின் சோதிக்கும் சிறு பெட்டி இருக்கும், கேட்டால் வந்து பார்ப்பார். திறந்து வைத்த பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது, திறந்தவுடன் மூக்கில் ஏறாத பவுடர் வெறும் சுண்ணாம்பு. ஆசிட், பினாயில் எதனோடும் கலக்காதீர்கள். கிணற்றுக்குப் போட்ட பிறகும் முதல் சில வாரம் குடிநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

நிவாரணத்துக்கு எழுதும்போது

சுத்தம் செய்யும் முன் படம் எடுங்கள்: தூரத்திலிருந்து முழு வீடு, பிறகு கூரை, சுவர், உள்ளே ஒவ்வொரு அறை. செத்த மாட்டையோ ஆட்டையோ புதைக்கும் முன் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலரும் பார்க்க வேண்டும். புதைத்துவிட்டுப் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. 2022–26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிகளில் கறவைப் பசுவுக்கோ எருமைக்கோ 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று இருந்தது. பயிருக்கு 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் என்று கணக்கெடுப்பில் வந்தால்தான் நிவாரணம். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வயலுக்கு வரும் நாளைக் கேட்டுவைத்து, அன்று வயலில் இருங்கள்.

பயிர்க் காப்பீடு இதிலிருந்து தனி. அறுத்துப் போட்ட நெல் புயல் மழையில் நனைந்தது போன்ற இழப்புக்கு 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேளாண் அலுவலகத்துக்கோ வங்கிக்கோ தெரிவிக்க வேண்டும், அறுவடையிலிருந்து 14 நாள் வரைதான் அந்தப் பாதுகாப்பு. போன் ஓடாத ஊரில் 72 மணி நேரம் சீக்கிரம் கரைந்துவிடும். சாலை திறந்ததும் ஊரிலிருந்து ஒருவர் எல்லோருடைய சர்வே எண், பாலிசி எண், வங்கிக் கணக்கு எண்ணையும் எழுதிக்கொண்டு போய்ப் பதிவு செய்துவிட்டு வரலாம். மனு எதுவானாலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிவாருங்கள். பட்டியலில் பெயர் விட்டுப்போனால் வட்டாட்சியரிடமும் ஆட்சியரின் குறைதீர் நாளிலும் காட்ட அந்த முத்திரை வேண்டும்.